டேங்க் மூடியில இருந்து 14வது நாள் மாத்திரை வரைக்கும்: நம்ம தெருவுல மலேரியா பத்தி எப்படி பேசுறது

சில வருஷம் முன்னாடி எங்க தெருவுல ஒரே மழை சீசன்ல நாலு பேருக்கு மலேரியா வந்துச்சு. வடசென்னை, பழைய ஓட்டு வீடு, மூணு மாடி வீடு, மேன்ஷன் எல்லாம் ஒட்டி ஒட்டி நிக்கிற ஏரியா. நாங்க ஒரு பத்து பேர் சேர்ந்து உடனே என்ன பண்ணோம் தெரியுமா, ஆயிரம் நோட்டீஸ் அடிச்சோம். "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்போம், கொசுவை ஒழிப்போம்"னு கொட்டை எழுத்துல போட்டு கீழ ஒரு கொசு படம். அந்தப் படத்துல இருந்தது கால்ல வெள்ளப் பட்டை போட்ட கொசு, அதாவது டெங்கு கொசு, அது கூட எங்களுக்கு அப்ப தெரியாது. ஜனங்க பாவம், நோட்டீஸ படிச்சிட்டு வாசல்ல இருந்த சாக்கடைய குத்தி விட்டாங்க, பிளீச்சிங் பவுடர் போட்டாங்க, தெரு பளிச்னு ஆச்சு. மேல மொட்டை மாடில பாதி டேங்க் மூடி இல்லாம ஆகாசத்த பாத்துட்டு கெடந்துச்சு. அடுத்த மாசம் இன்னும் மூணு பேருக்கு குளிர் ஜுரம்.

அதுக்கப்புறம் தான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் எங்கள கூப்ட்டு மாடிக்கு கூட்டிட்டு போய் டார்ச் அடிச்சு காட்டினாரு. அன்னைக்கு கத்துக்கிட்டதுல ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் நாங்க தப்பு பண்ணி தப்பு பண்ணி கத்துக்கிட்டத தான் இங்க எழுதுறேன். உங்க ஏரியால அசோசியேஷன், இளைஞர் மன்றம், மகளிர் குழு, ஸ்கூல் என்எஸ்எஸ் எதுவா இருந்தாலும் இத எடுத்து உங்களுக்கு தகுந்த மாதிரி மாத்திக்கோங்க. நான் டாக்டர் கிடையாது, மருந்து விஷயத்துல நான் சொல்றது ஜனங்ககிட்ட எப்படி பேசுறதுங்கற அளவுக்கு தான், டோஸ் எல்லாம் டாக்டர் சொல்றது தான் கணக்கு.

ஸ்டெப் 1: பேசப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒழுங்கா தெரிஞ்சுக்கோங்க

மலேரியா வைரஸ் கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது, பிளாஸ்மோடியம்னு ஒரு ஒட்டுண்ணி. நம்ம ஊர்ல ரெண்டு வகை முக்கியம். ஒண்ணு வைவாக்ஸ், சென்னை மாதிரி இடத்துல பெரும்பாலும் இது தான். இன்னொன்னு ஃபால்சிபேரம், இது மூளை கிட்னி வரைக்கும் போய் ஆள சாய்ச்சிடும், லேட் பண்ணவே கூடாது. பரப்புறது பொம்பள அனாஃபிலிஸ் கொசு. அதுலயும் டவுன்ல நம்ம கூட குடித்தனம் பண்றது அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. இந்த பேர ஜனங்ககிட்ட சொல்லாதீங்க, "டேங்க் கொசு"ன்னு சொல்லுங்க, போதும், பேர்லயே வேலை முடிஞ்சிடும்.

ஏன்னா இது சாக்கடைக்கு போறது இல்ல. நல்ல தண்ணி தான் வேணும் அதுக்கு. ஓவர்ஹெட் டேங்க், சம்ப், கிணறு, கட்டடம் கட்டுற எடத்துல க்யூரிங்குக்கு தேக்கி வெச்ச தண்ணி, இதுல தான் முட்டை போடும். நம்ம வெயிலுக்கு முட்டைல இருந்து பறக்குற கொசுவா ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். பொழுது சாஞ்சதுல இருந்து விடியற வரைக்கும் கடிக்கும். டெங்கு கொசு பகல்ல கடிக்கும், சாக்கடை கொசு வேற, இது வேற. இந்த மூணையும் ஒண்ணா போட்டு கொழப்பினதால தான் எங்க மொத நோட்டீஸ் வீணா போச்சு.

இன்னொரு விஷயம், இத புரிஞ்சிக்கிட்டா தான் பின்னாடி மாத்திரை பத்தி பேச முடியும். கொசு பொறக்கும்போதே மலேரியாவோட பொறக்கறது இல்ல. ஏற்கனவே மலேரியா இருக்கிற ஒரு ஆள கடிச்சா தான் அதுக்குள்ள ஒட்டுண்ணி போகும், அங்க ஒரு பத்து பதினாலு நாள் வளரும், அப்புறம் அது கடிக்கிற அடுத்த ஆளுக்கு வரும். செகந்திராபாத்ல 1897 ஆகஸ்ட் 20ம் தேதி ரொனால்ட் ராஸ்ங்கற பிரிட்டிஷ் டாக்டர் கொசுவோட வயித்துக்குள்ள கண்டுபிடிச்சது இந்தக் கதையோட ஒரு பாதிய தான், அதனால தான் ஆகஸ்ட் 20 கொசு தினம். அப்போ சங்கிலிய அறுக்க ரெண்டு எடம் இருக்கு: தண்ணி ஒண்ணு, நோயாளி ஒண்ணு. டேங்க்க மூடுறது எவ்ளோ தடுப்போ, ஜுரம் வந்தவர் மாத்திரைய முழுசா முடிக்கறதும் அவ்ளோ தடுப்பு. நெறைய பேர் மொதல் பாதிய மட்டும் பேசிட்டு விட்டுடறாங்க.

ஸ்டெப் 2: நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி மாடி ஏறுங்க

மொதல்ல உங்க நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. "நாங்க இன்ன தெருக்காரங்க, மலேரியாவுக்கு வேலை பண்ணலாம்னு இருக்கோம்"னு சொல்லுங்க. கொசு புழு பாக்க வீடு வீடா வர்ற டிபிசி ஒர்க்கர்ஸ்னு இருக்காங்கல்ல, அவங்ககிட்ட பேசுங்க. எந்த வீட்ல கதவு தொறக்க மாட்டாங்க, எந்த வீட்டு சம்ப் எப்பவும் தொறந்தே கெடக்கும்னு அவங்களுக்கு மனப்பாடம். ஒரு டீ வாங்கி குடுத்து அரை மணி நேரம் கேட்டாலே உங்களுக்கு பாதி மேப் கெடச்சிடும்.

அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா டார்ச், ஒரு வெள்ள கப்பு, நோட்டு எடுத்துட்டு மாடி ஏறுங்க. டேங்க்க தொறந்த உடனே டார்ச் அடிச்சீங்கன்னா புழு சர்ருனு உள்ள போயிடும், ஒண்ணுமே இல்லன்னு மூடிட்டு வந்துடுவீங்க, நாங்க அப்படித்தான் வந்தோம். நிழல் தண்ணில விழாம நின்னு ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. மெதுவா மேல வரும். டெங்கு கொசுப் புழுவும் சாக்கடை கொசுப் புழுவும் வால மேல வெச்சு தலைகீழா தொங்கும். மலேரியா கொசுப் புழுவுக்கு அந்த மூச்சுக் குழாய் கெடையாது, அதனால தண்ணி மேல படுத்த வாக்குல, துணில இருந்து உதிர்ந்த பிசிறு மாதிரி மிதக்கும். வெள்ள கப்புல மோந்து பாத்தா நல்லா தெரியும்.

நோட்ல என்ன எழுதணும்னா, கதவு நம்பர், டேங்க் எத்தன, மூடி இருக்கா, மூடி சரியா உக்காருதா, பைப் நுழையுற எடத்துல ஓட்டை இருக்கா, ஓவர்ஃப்ளோ பைப் வாய் தொறந்து இருக்கா, புழு இருந்துச்சா, மாடி சாவி யாருகிட்ட. கடைசியா எழுதினது தான் ரொம்ப முக்கியம், கீழ சொல்றேன்.

பாதுகாப்பு பத்தி ஒரு வார்த்தை. சம்புக்குள்ள யாரும் எறங்கவே கூடாது, காத்து இல்லாம ஆள் போயிடும். டேங்க் மேல ஏறவும் வேணாம். சின்ன பசங்கள கிணத்துப் பக்கமே விடாதீங்க, பசங்களுக்கு வேற நல்ல வேலை இருக்கு. சும்மா கூட்டமா போய் ஒரு வீட்டு கதவ தட்டினாலும் பயந்துடுவாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் கட்டாயம் லேடீஸா இருக்கட்டும்.

ஸ்டெப் 3: "பொதுமக்கள்"னு ஒருத்தர் கிடையாது

இது எனக்கு புரிய ஒரு வருஷம் ஆச்சு. நாங்க கீழ் வீட்டு அக்காகிட்ட போய் "டேங்க்க மூடி வைங்க"ன்னு நாலு தடவ சொல்லி இருப்போம். நாலாவது தடவ அவங்க கடுப்பாகி, "தம்பி, நான் வாடகைக்கு இருக்கேன், மாடி சாவி ஓனர்கிட்ட இருக்கு, ஓனர் அம்பத்தூர்ல இருக்காரு, துணி காயப்போட கூட என்ன மேல விடறது இல்ல, நான் எங்க போய் மூடறது"ன்னாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. செய்ய முடியாத ஆள்கிட்ட போய் செய்யச் சொல்லிட்டு இருந்திருக்கோம்.

அதனால யாரு கையில எது இருக்கோ அவங்ககிட்ட அத மட்டும் பேசுங்க.

வீட்டு ஓனர்கிட்ட: டேங்க் மூடி, ஓவர்ஃப்ளோ வலை, பயன்படுத்தாத கிணறு. இவருக்கு கொசு பத்தி சொல்றத விட செலவு எவ்ளோன்னு சொல்லுங்க. மூடி உடைஞ்சா மூடி மட்டும் தனியா கெடைக்கும், டேங்க்க மாத்த வேணாம்னு பாதி பேருக்கு தெரியாது. ஓவர்ஃப்ளோ வாய்க்கு கொசுவலை துணி ஒரு துண்டு, கட்டுறதுக்கு ஒரு கேபிள் டை, அவ்ளோ தான். வெளியூர்ல இருக்கற ஓனருக்கு டேங்க் போட்டோவும் புழு வீடியோவும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, குரூப்ல போட்டு அசிங்கப்படுத்தாதீங்க, தனியா அனுப்புங்க. அன்னைக்கு சாயங்காலமே பிளம்பர் வந்துடுவாரு, நான் பாத்திருக்கேன்.

வாடகைக்கு இருக்கறவங்ககிட்ட: கொசுவலை, ஜுரம் வந்தா எங்க போறது, வீட்டுக்குள்ள புடிச்சு வெச்சிருக்கற தண்ணி. தண்ணி லாரி வர்ற நாள்ல டிரம் டிரம்மா புடிச்சு வெப்பாங்க, அத ஊத்துங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, தண்ணிக்கு படுற பாடு அவங்களுக்கு தான் தெரியும். பழைய வேட்டிய மேல போட்டு ரப்பர் டியூப்ல இறுக்கி கட்டுங்கன்னு சொல்லுங்க. வெயில் காலத்துல மொட்டை மாடில படுக்கறவங்க, மேன்ஷன் வராண்டால படுக்கறவங்க, பிளாட்பாரத்துல படுக்கறவங்க, இவங்க தான் ராத்திரி பூரா கடி வாங்கறவங்க, வலைய பத்தி மொதல்ல இவங்ககிட்ட பேசுங்க.

பிளம்பர்: இவர யாருமே கணக்குல எடுக்கறது இல்ல. ஏரியா பிளம்பர் ரெண்டு பேர உக்கார வெச்சு பேசினோம். மோட்டார் வேலைக்கோ பைப் வேலைக்கோ மாடி ஏறினா மூடிய சரியா வெச்சிட்டு, பைப் போற ஓட்டைய அடைச்சிட்டு வாங்கண்ணேன்னு. நாங்க அம்பது வீடு ஏறி எறங்கின வேலைய அவங்க போற போக்குல பண்ணிட்டாங்க.

மேஸ்திரி, சைட் இன்ஜினியர்: க்யூரிங் தண்ணி, லிஃப்ட் குழில நிக்கற தண்ணி, பேஸ்மென்ட் தண்ணி. "தண்ணி தேக்காதீங்க"ன்னு சொன்னா நடக்காது, காங்கிரீட்டுக்கு தண்ணி வேணும்ல. வாரத்துக்கு ஒரு நாள் முழுசா வடிச்சு ஒரு நாள் காய விட்டு திரும்ப நிரப்புங்கன்னு சொன்னா கேப்பாங்க. லிஃப்ட் குழிக்கு மட்டும் மோட்டார் போட்டு எறைக்கணும்.

கிளினிக், மெடிக்கல் ஷாப்: ஜுரம்னு வந்து மாத்திரை மட்டும் வாங்கிட்டு போறவங்கள ரத்தம் டெஸ்ட் பண்ண அனுப்புங்கன்னு கேட்டுக்கோங்க. மரியாதையா கேளுங்க, பாடம் எடுக்காதீங்க.

ஸ்டெப் 4: ஒரு ஆளு, ஒரு வேலை, ஒரு கெழமை

இப்ப எழுதுங்க. எங்க ரெண்டாவது நோட்டீஸ் இப்படி இருந்துச்சு:

"உங்க டேங்க்ல இருக்கற நல்ல தண்ணில தான் மலேரியா கொசு பொறக்குது. சனிக்கெழம காலைல மாடி ஏறி மூடி சரியா மூடி இருக்கான்னு பாருங்க. மூடி இல்லன்னா இந்த நம்பருக்கு போன் பண்ணுங்க, நாங்க பிளம்பர அனுப்புறோம்."

அவ்ளோ தான். மூணு வரி. யாரு பண்ணனும், என்ன பண்ணனும், எப்போ, முடியலன்னா என்ன பண்றது. மொதல் நோட்டீஸ்ல இருந்த "ஒழிப்போம்", "காப்போம்", "விழித்தெழு" எதுவும் இல்ல. "தூய்மை"ங்கற வார்த்தைய நாங்க வேணும்னே தூக்கிட்டோம், ஏன்னா அந்த வார்த்தைய பாத்தா நம்ம ஜனங்க கை நேரா வெளக்கமாத்துக்கு தான் போகும், டேங்குக்கு போகாது.

சனிக்கெழம ஏன்னு கேப்பீங்க. கொசு வளர ஒரு வாரம் பத்து நாள் ஆகுதுல்ல, வாரம் ஒரு தடவ பாத்தா புழு கொசுவா மாறுறதுக்குள்ள புடிச்சிடலாம். கெழமைய சொல்லாம "வாரம் ஒரு முறை"ன்னு சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்க தெருல சனிக்கெழம எண்ணெய் தேச்சு குளிக்கற பழக்கம் இன்னும் கொஞ்ச வீட்ல இருக்கு, "எண்ணெய் தேய்க்கற அன்னைக்கு டேங்க்க பாரு"ன்னு ஒரு ஆயா சொல்லி குடுத்துச்சு, அது புடிச்சிக்கிச்சு.

எழுதினத ரெண்டு பேருக்கு படிச்சு காட்டுங்க, படிச்ச ஆளுக்கு இல்ல, மீன் கடை அக்கா, இஸ்திரி வண்டி அண்ணன் மாதிரி. "என்ன புரிஞ்சிச்சு"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் "புரிஞ்சிச்சுப்பா"ன்னு தான் சொல்வாங்க. "நாளைக்கு என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. பதில் டேங்க்னு வந்தா அச்சடிங்க, "தெருவ பெருக்குவேன்"னு வந்தா திரும்ப எழுதுங்க.

பயமுறுத்தாதீங்க. மண்டை ஓடு படம், ஐசியு படம் எதுவும் வேணாம், ஒரு நாள் பாப்பாங்க, மறுநாள் அது மேல சினிமா போஸ்டர் ஒட்டிடுவாங்க. அதே மாதிரி "மூடலன்னா ஃபைன் போடுவாங்க"ன்னு நீங்க மெரட்டாதீங்க. நோட்டீஸ் குடுக்கறது, ஃபைன் போடறது எல்லாம் சுகாதாரத் துறை வேலை, நீங்க அந்த வேஷம் கட்டினா அடுத்த வாரம் கதவு தொறக்காது.

ஸ்டெப் 5: பாட்டில காட்டுங்க

நோட்டீஸ், வாய்ஸ் நோட், ஆட்டோ மைக் எல்லாம் ஒரு பக்கம். எங்களுக்கு வேலைக்கு ஆனது ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் தான்.

ஒரு வீட்டு டேங்க்ல இருந்து புழுவோட தண்ணிய மோந்து பாட்டில்ல ஊத்தி, வாய்க்கு கொசுவலை துணி கட்டி, ரேஷன் கடை க்யூ நிக்கற எடத்துக்கு எடுத்துட்டு போனோம். "ஆயா இது என்ன தண்ணி சொல்லுங்க"ன்னு கேட்டா, "சாக்கடை தண்ணியாப்பா"ன்னு கேக்கும். "இல்ல ஆயா, முகர்ந்து பாருங்க, வாசனையே இல்ல, குடிக்கற தண்ணி, இந்த தெரு மாடி டேங்க்ல இருந்து எடுத்தது." அந்த நிமிஷம் மூஞ்சிய பாக்கணும் நீங்க. "அடப்பாவி, இதுலயா நான் சோறு வடிக்கறேன்"னு ஒரு ஆயா பையக் கூட விட்டுட்டு வீட்டுக்கு ஓடிச்சு, மருமகள மாடிக்கு ஏத்த. கண்ணாடி மாதிரி இருக்கற தண்ணிக்குள்ள புழு நெளியறத கண்ணால பாத்தவங்களுக்கு லெக்சர் தேவையே இல்ல.

எந்த வீட்டு டேங்க்னு மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. கொண்டு போன அன்னைக்கே அந்த தண்ணிய வெயில் அடிக்கற காஞ்ச தரைல கொட்டிடுங்க, செத்துடும். மறந்துட்டு வீட்ல வெச்சீங்கன்னா நாலு நாள்ல பாட்டிலுக்குள்ள கொசு பறக்கும், ஒரு தடவ எங்க வீட்ல நடந்துச்சு, அம்மா பாட்டிலோட சேத்து என்னையும் வெளிய தள்ளாத குறை.

ஸ்கூல்ல இதையே பண்ணலாம். பசங்களுக்கு லென்ஸ் குடுத்து படுத்திருக்கற புழு, தொங்கற புழு வித்தியாசம் வரைய சொல்லுங்க. வீட்டுக்கு போய் அவங்க அப்பாவ மாடிக்கு இழுத்துட்டு போவாங்க.

வேற மாநிலத்துல இருந்து வேலைக்கு வந்தவங்க தங்கற ஷெட்டுக்கு கட்டாயம் போங்க, ஆனா தமிழ் நோட்டீஸோட போகாதீங்க. ஒடியா, இந்தி, வங்காளி தெரிஞ்ச அவங்க ஆள் ஒருத்தரையே பேச வைங்க. எங்க பையன் ஒருத்தன் மொத நாள் போனப்ப ஒரு தொழிலாளி "புகார் ஹை, புகார் ஹை"ன்னு சொல்லி இருக்காரு, இவன் ஏதோ கம்ப்ளைன்ட் போலன்னு நெனச்சு, "அதெல்லாம் கான்ட்ராக்டர்கிட்ட சொல்லுங்க பாய்"னு சொல்லிட்டு வந்துட்டான். இந்தில அந்த வார்த்தைக்கு ஜுரம்னு அர்த்தம்! நல்ல வேளை கூட இருந்தவர் புரிஞ்சிக்கிட்டு அன்னைக்கே டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனாரு. இன்னொன்னு, "அவங்க தான் மலேரியாவ கொண்டு வர்றாங்க"ன்னு ஒரு பேச்சு ஓடும், அத உங்க வாயால சொல்லாதீங்க. அவரு ஒட்டுண்ணியோட வந்தாலும் பரப்பறது நம்ம டேங்க்ல பொறந்த கொசு தான். திட்டினா ஜுரத்த மறைப்பாங்க, மறைச்சா எல்லாருக்கும் தான் கஷ்டம்.

ஸ்டெப் 6: ஜுரம்னா ரத்தம், மலேரியான்னா 14 நாள்

இதுக்கு தனி மெசேஜ், தனி நோட்டீஸ். டேங்க் மெசேஜோட கலக்காதீங்க.

மொத பாதி: "எந்த ஜுரமா இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள ரத்தம் டெஸ்ட். அரசு சுகாதார நிலையத்துல காசு கிடையாது." குளிர் தூக்கி போடும், அப்புறம் உடம்பு கொதிக்கும், அப்புறம் வேர்த்து ஊத்தும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்னு படிச்சிருப்பீங்க. எல்லாருக்கும் அப்படி டைம் டேபிள் போட்டு வராது, ஆரம்பத்துல தெனமும் வரும், சில பேருக்கு தலைவலி வாந்தின்னு மட்டும் இருக்கும். அதனால "குளிர் ஜுரம் வந்தா டெஸ்ட்"னு எழுதாதீங்க, "ஜுரம் வந்தா டெஸ்ட்"னு எழுதுங்க. விரல்ல குத்தி ஒரு சொட்டு எடுத்து கிட்ல பாத்தா அரை மணி நேரத்துக்குள்ள தெரியும், ஸ்லைடு எடுத்து மைக்ராஸ்கோப்லயும் பாப்பாங்க. ஒரு தடவ இல்லன்னு வந்துட்டு ஜுரம் விடலன்னா திரும்ப போகணும், இதையும் சேத்து சொல்லுங்க. மயக்கம், வலிப்பு, மூச்சு வாங்கறது, ஒண்ணுக்கு ரொம்ப கம்மியா போறது, கொழந்த பால் குடிக்காம துவண்டு கெடக்கறது, இதெல்லாம் இருந்தா டெஸ்ட் க்யூலாம் இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி, 108.

ரெண்டாவது பாதி தான் எல்லாரும் கோட்டை விடற எடம். வைவாக்ஸ்னு வந்தா மூணு நாள் குளோரோகுயின் குடுப்பாங்க, கூட 14 நாள் பிரைமாகுயின். மூணாவது நாள் ஜுரம் போயிடும், பசிக்கும், ஆள் வேலைக்கு கெளம்பிடுவாரு. மிச்ச மாத்திரை சாமி படத்துக்கு பின்னாடி தூங்கும். எங்க தெருல டிரை சைக்கிள் ஓட்டற ஒரு அண்ணன் அஞ்சாவது நாளே நிறுத்திட்டாரு, ரெண்டரை மாசம் கழிச்சு திரும்ப அதே குளிர். "புதுசா கடிச்சிடுச்சு போல"ன்னாரு. புதுசா கடிச்சும் இருக்கலாம், ஆனா வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரல்ல போய் பதுங்கி படுத்துக்கும், ரத்தத்துல இருக்கறத குளோரோகுயின் கொன்னாலும் ஈரல்ல படுத்திருக்கறத அது தொடாது, அதுக்கு தான் பிரைமாகுயின். வாரம் கழிச்சோ மாசம் கழிச்சோ முழிச்சிக்கும்.

இத ஜனங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு ரொம்ப நாள் முட்டி மோதினோம். கடைசில கோரைக்கிழங்கு தான் கை குடுத்துச்சு. "கோரைய மேலாப்புல அறுத்தா ரெண்டு நாள் தரை சுத்தமா தெரியும், அப்புறம் கெழங்குல இருந்து திரும்ப மொளைக்கும்ல, மூணு நாள் மாத்திரை மேல அறுக்கறது, 14 நாள் மாத்திரை கெழங்க தோண்டறது." ஊர்ல இருந்து வந்த பெருசுங்க எல்லாம் டக்குனு புடிச்சிக்கிட்டாங்க.

கூடவே ஒரு அட்டை. 14 கட்டம், தெனம் மாத்திரை போட்ட உடனே ஒரு டிக். அத காலண்டர் ஆணியில மாட்டிடுங்க. வீட்ல யாராவது ஒருத்தர், பேத்தியோ பொண்டாட்டியோ, அவங்க தான் டிக் போடணும், நோயாளி இல்ல. வெறும் வயித்துல போடக்கூடாது, வயிறு பொரட்டும், அதுலயே பாதி பேர் விட்டுடறாங்க, சாப்ட்டுட்டு போடுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க.

பிரைமாகுயின் எல்லாருக்கும் குடுக்கற மாத்திரை இல்ல. கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் ஒரு வயசு ஆகாத கொழந்தைக்கும் குடுக்க மாட்டாங்க, தாய்ப்பால் குடுக்கறவங்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். ஜி6பிடி குறைபாடுன்னு ஒண்ணு இருக்கு, அது இருக்கறவங்க இந்த மாத்திரைய போட்டா ரத்த அணு உடைஞ்சிடும், டெஸ்ட் பண்ணலாமான்னு கேக்க சொல்லுங்க. மாத்திரை போடும்போது ஒண்ணுக்கு கட்டங்காப்பி கலர்ல போனாலோ கண்ணு மஞ்சளானாலோ உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போகணும். பயந்துடுவாங்களோன்னு நாங்க இத மொதல்ல மறைச்சோம், அது தப்பு, சொன்னா தான் நம்பறாங்க. ஃபால்சிபேரத்துக்கு மாத்திரையே வேற, அதனால பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வெச்சத எடுத்து போடறது ஆகவே ஆகாது.

பேர வெளிய விடாதீங்க. ஒரு தடவ யாரோ ஒருத்தர் லேப் ரிப்போர்ட்ட அப்படியே தெரு குரூப்ல போட்டு "ஜாக்கிரதை"ன்னு எழுதிட்டாங்க, அந்த வீட்டு ஓனர் மறுநாளே காலி பண்ண சொன்னாரு. தொட்டா ஒட்டாது, கூட சாப்ட்டா ஒட்டாதுன்னு அவர உக்கார வெச்சு புரிய வைக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. நோயாளிய ஒதுக்க வேணாம், ராத்திரி அவர வலைக்குள்ள படுக்க வைங்க, கொசு அவர கடிச்சிட்டு நம்மள கடிக்காம இருக்கும், அது போதும்.

ஸ்டெப் 7: வர்ற கேள்விக்கு ரெடியா இருங்க

"டேங்க்ல மருந்து ஊத்தறாங்களே, குடிச்சா ஒண்ணும் ஆகாதா?" அபேட் தான் அது. புழுவ கொல்ற அளவு ரொம்ப கம்மி, அந்த அளவுக்கு குடிதண்ணில போடலாம்னு உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கிட்டது. பயிற்சி உள்ள ஊழியர் அளந்து ஊத்தட்டும், நீங்க வாங்கி ஊத்தாதீங்க. மூடி சரியா இருந்தா மருந்துக்கே வேலை இல்லன்னு சொல்லி முடிங்க.

"புகை அடிக்க சொல்லுங்கப்பா மொதல்ல." இது தான் அதிகமா வரும். புகை அடிச்சா ஏதோ நடந்த மாதிரி இருக்கும், சத்தம் வேற. அது அந்த நேரத்துல பறக்கற கொசுவுக்கு மட்டும் தான், டேங்க்ல இருக்கற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரம் புது செட்டு பறக்கும். சண்டை போடாதீங்க, "புகையும் வரட்டும்க்கா, அதுக்குள்ள மூடிய பாத்துடலாம் வாங்க"ன்னு கூட்டிட்டு மேல ஏறுங்க.

"கசாயம் குடிச்சா போதாதா?" குடிக்கறத தடுக்காதீங்க, டெஸ்ட்டும் மாத்திரையும் கட்டாயம்னு சொல்லுங்க. கசாயத்த கிண்டல் பண்ணா வீட்டு பெரியவங்க நம்ம மொத்த பேச்சையும் தூக்கி போட்டுடுவாங்க.

"கெணத்த என்ன பண்றது, மூட முடியாதே." வலை போட்டு மூடலாம், இல்லன்னா கம்பூசியா, கப்பி மீன் விடலாம், ஒரே வாரத்துல புழுவ காலி பண்ணிடும். கெணறு, தொட்டியோட நிறுத்திக்கோங்க, ஏரி கொளத்துல விட்டுடாதீங்க, நம்ம நாட்டு மீன் குஞ்ச எல்லாம் தின்னுடும்.

ஸ்டெப் 8: எண்ணுங்க, கொறஞ்ச பிறகும் எண்ணுங்க

எத்தன நோட்டீஸ் குடுத்தோம், கூட்டத்துக்கு எத்தன பேர் வந்தாங்கங்கறது கணக்கே இல்ல. ஸ்டெப் 2ல எழுதின நோட்ட எடுங்க, அதே டேங்க்க திரும்ப போய் பாருங்க. முன்னாடி எத்தன டேங்க்ல மூடி இல்ல, இப்ப எத்தன. எத்தன டேங்க்ல புழு. 14 கட்ட அட்டை எத்தன முழுசா வந்துச்சு. இந்த மூணு நம்பர டீக்கடை போர்டுல சாக்பீஸ்ல எழுதி போடுங்க, வாரா வாரம். போன வாரத்த விட ஏறினா டீ குடிக்கற பெருசுங்களே சத்தம் போட ஆரம்பிச்சிடும்.

கொறஞ்சிடுச்சுன்னு விட்டுடாதீங்கன்னு சொல்றதுக்கு என்கிட்ட ஒரே ஒரு கதை தான் இருக்கு, இலங்கை கதை. 1963ல அங்க மொத்த நாட்டுக்கும் சேத்து மலேரியா வெறும் 17 கேஸ். முடிஞ்சிதுன்னு மருந்து அடிக்கறத நிறுத்தி, கண்காணிப்பையும் தளர்த்தினாங்க. 1969ல அஞ்சு லட்சத்த தாண்டிடுச்சு. திரும்ப அத புடிச்சு அடக்க பல வருஷம், நடுவுல போர் வேற, கடைசியா உள்ளூர்லயே தொத்தின கேஸ் 2012 அக்டோபர்ல, மலேரியா இல்லாத நாடுன்னு 2016 செப்டம்பர்ல சான்றிதழ் கெடச்சிச்சு. அதே வருஷக் கடைசில மன்னார்ல கெணத்துல ஒரு புது கொசுவ கண்டுபிடிக்கறாங்க, என்ன கொசுன்னு பாத்தா நம்ம டேங்க் கொசு, ஸ்டீஃபன்சி. நோயே இல்லாத ஊர்லயும் இன்னைக்கும் கெணறு கெணறா பாத்துட்டு இருக்காங்க.

எப்ப ஆரம்பிக்கணும்னா, நாடு பூரா ஜூன் மாசத்த மலேரியா எதிர்ப்பு மாதம்னு வெச்சிருக்காங்க, மழை புடிக்கறதுக்கு முன்னாடி. அப்போ நீங்க மே மாசமே மாடி ஏறி கணக்கு எடுத்துடணும். சென்னைன்னா மாநகராட்சிக்கு 1913, மத்த ஊர்க்காரங்க மருத்துவ சந்தேகத்துக்கு 104. இந்த ரெண்டையும் நோட்டீஸ் கடைசில போடுங்க, பெருசா, சின்ன எழுத்துல போட்டா ஆயாவுக்கு தெரியாது. நாங்க போன சனிக்கெழம ஏறினப்ப 62 டேங்க்ல மூணுல மூடி இல்ல, அதுல ஒண்ணு எங்க வீட்டுது, காத்துல பறந்து பக்கத்து வீட்டு தகர ஷீட் மேல கெடந்துச்சு, இப்ப கயிறு போட்டு கட்டி வெச்சிருக்கேன்.